பொது முகாமையாளர் போன பிறகு ஆர்? வன்னிச் சங்கங்களில் அடுத்த ஆளைத் தயார்படுத்துவது

(இணைய மன்ற இழை ஒன்று. திகதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பெப்ரவரி 3 | பரந்தன் சந்தி

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பணிப்பாளர் சபைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். பொது முகாமையாளருக்கு அடுத்த வருசம் ஜூனோடு 60 முடிந்து ஓய்வு. ஒன்பது கிளை, ஒரு எரிபொருள் நிரப்பு நிலையம், ஒரு அரிசி ஆலை, கிராமிய வங்கி எல்லாம் அவர் தலையில்தான். "நேரம் வரேக்க பாப்பம், நல்ல கிளை முகாமையாளர் ஒராள் இருக்கிறார், அவரைத் தூக்கிப் போடலாம்" என்று சபையில் சொல்கிறார்கள். 16 மாதம் இருக்கிறது. காணுமா? எங்கே தொடங்குவது?

பெப்ரவரி 3, இரவு | வாய்க்கால்

காணும், இந்தக் கிழமையே தொடங்கினால். சபை யோசிக்க எடுக்கும் ஆறு மாதத்தைக் கழித்தால் பத்துத்தான் மிச்சம்.

ஆளைத் தேடுவதில் தொடங்காதேங்கோ. முதலில் தீர்மானங்களைத் தேடுங்கோ. ஒரு கொப்பி வாங்கித் தலைமைக் கந்தோர் இலிகிதரிடம் கொடுங்கோ. "ஐயா வந்தாப் பிறகு பாப்பம்" என்ற சொல் எப்பெப்ப விழுகிறதோ, அப்பப்ப ஒரு வரி: திகதி, என்ன விசயம், எவ்வளவு காசு, எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது. 30 நாள் எழுதினால் போதும்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கோ. உபவிதிப்படி அவர்தான் செய்ய வேண்டியவை ஒன்று. அவருடைய முகத்துக்காக நடப்பவை இரண்டாவது: வங்கி முகாமையாளர், நெல் யாவாரி, எரிபொருள் தரும் கொழும்புக் கந்தோர். மூன்றாவது வெறும் பழக்கம். கிளைக்குப் பூட்டு வாங்கவும், லொறிக்கு ரயர் மாற்றவும், லீவுக் கடிதத்துக்கும் அவரிடம் வருவது. மூன்றாவது வகையை அடுத்த திங்களே கீழே இறக்கலாம், சபைத் தீர்மானம்கூடத் தேவையில்லை. இரண்டாவது வகைதான் உண்மையான வேலை. 16 மாதமும் அதற்குத்தான்.

பெப்ரவரி 4 | வாய்க்கால்

நேற்று விட்டது. அந்தக் கிளை முகாமையாளரைத் "தூக்கிப் போடுவது" பற்றி.

கிளையை நல்லாக நடத்துகிறவர் ஒன்பது கிளையையும் நல்லாக நடத்துவார் என்பது நம்பிக்கை. விற்பனை ஊழியர்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் அளந்தது. அதிகம் விற்றவர்களைத்தான் நிறுவனங்கள் மேலே ஏற்றின, மேலே போனவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனையோ இறங்கியது. நல்ல விற்பனைக்காரனை இழந்து மோசமான முகாமையாளரைப் பெற்றால் நட்டம் இரண்டு.

கிளையில் நல்லவர் என்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே செய்பவர். பொது முகாமையாளர் வேலையோ தான் பார்க்காத இடத்தில் நடப்பதை நம்பி ஒப்பம் வைப்பது. அவரைச் சோதிக்க வேண்டுமானால் அவருடைய கிளையைப் பார்க்காதேங்கோ. அவர் ஒரு கிழமை லீவில் நிற்கும்போது அந்தக் கிளை எப்படி ஓடுகிறது என்று பாருங்கோ.

பெப்ரவரி 6 | மாங்குளத்தான்

ஒராள் இல்லை, இரண்டு பேர் வேணும். இங்கே ஒருவரைத் தயார்படுத்தி முடிக்க அவருக்கு விசா வந்துவிடும்.

பெப்ரவரி 6, இரவு | வாய்க்கால்

சரி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இதைப் பகிடியாகச் சொல்ல முடியாது. அந்த ஒரு வருசத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று நாட்டை விட்டு வெளிக்கிட்டார்கள்.

வன்னிக்கு இதைவிடப் பழைய ஒரு கணக்கும் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறி, கூரையில்லாத கட்டடங்களில் சங்கங்களைத் திறந்தவர்கள் அப்போது 40, 45 வயதுக்காரர். இப்போது அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் 55 தாண்டி நிற்கிறார்கள். அவர்களுக்கு அடுத்து நிற்க வேண்டிய வரிசை போரில் போனது, இடம்பெயர்வில் படிப்பு அறுந்தது, வெளிநாடு போனது. அதாவது பொது முகாமையாளர் தனியாகப் போகப் போவதில்லை. கணக்காளரும் ஆலைப் பொறுப்பாளரும் அவர் பின்னாலேயே வருகிறார்கள்.

ஒரு தாளில் ஐந்து நிரல் போடுங்கோ: பதவி, ஆள், பிறந்த வருசம், 60 ஆகும் வருசம், நாளைக்கே அவர் வராவிட்டால் அந்தக் கதிரையில் ஆர். ஐந்தாவது நிரலில் ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால், உங்களிடம் இருப்பது ஒராள்தான். பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

ஆகவே 50இல் தேடாமல் 32 தொடக்கம் 40 வரை பாருங்கோ. "அனுபவம் காணாது" என்பார்கள். 2010இல் சங்கத்தைத் திறந்தவருக்கும் காணாதுதான்.

பெப்ரவரி 9 | வாய்க்கால்

தயார்படுத்துவது என்றவுடன் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சான்றிதழோடு வருவார், சுவரில் மாட்டுவார். அனுப்பலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஆள் முதிர்வது நட்டப்படக்கூடிய வேலையில்.

தெரியாத பக்கத்துக்கு மாற்றுங்கோ. கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு ஆறு மாதம் எரிபொருள் நிலையம். டிப் கோல் போட்டு நிலத்தடித் தாங்கியின் அளவை வாசிக்கவும், 6,600 லீற்றர் பவுசர் இறக்க முன்னும் பின்னும் எடுத்த அளவை விற்பனை மீற்றரோடு ஒப்பிடவும், எப்போது முற்பணம் கட்டி ஓடர் போடுவது என்பதும் அவருக்குக் கைவர வேண்டும். கிளைக்காரருக்கு ஆறு மாதம் தலைமைக் கந்தோரில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, அதாவது சங்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் வரி வரியாகப் பொருத்துவது. அவருக்குத் தூக்கம் வரும். அதற்காகத்தான்.

"உதவிப் பொது முகாமையாளர்" என்று பட்டம் மட்டும் கொடுத்து, காசோலையில் ஒப்பமும் இல்லை, செலவு எல்லையும் இல்லை என்றால் அவர் படிப்பது தேத்தண்ணிக்குச் சொல்லி விடுவதைத்தான்.

பெப்ரவரி 9, பிறகு | வாய்க்கால்

பதிற்கடமைதான், அதாவது ஒராள் இல்லாத நேரம் அவருடைய வேலையைப் பார்ப்பதுதான், நல்ல பள்ளிக்கூடம். பொது முகாமையாளர் 14 நாள் தொடர்ந்து லீவு எடுக்க வேணும், அந்த நாட்களில் கிளைகளின் போனை அவர் எடுக்கக்கூடாது.

அப்பிள் நிறுவனத்தில் ஸ்டீவ் ஜொப்ஸ் 2011 ஓகஸ்ட்டில் விலகியபோது அவருடைய இடத்துக்கு வந்த ரிம் குக் புது ஆள் இல்லை. ஜொப்ஸின் மருத்துவ லீவுகளில் 2004, 2009, 2011 என்று மூன்று தரம் அந்த வேலையைப் பார்த்திருந்தார். வருத்தம் வந்ததால் நடந்தது அது. நாங்கள் வருத்தம் வராமலே செய்யலாம்.

பெப்ரவரி 12 | ஐந்தொகை

14 நாள் காணாது. 14 நாளில் ஒன்றும் உடையாது, எல்லாவற்றையும் "ஐயா வரட்டும்" என்று தள்ளிவைக்கலாம். ஒரு மாத முடிவு, ஒரு சம்பளம், ஒரு இருப்பெடுப்பு (சரக்கை எண்ணிப் பார்ப்பது), ஒரு சபைக் கூட்டம் நாலும் அதுக்குள்ளே விழ வேணும்.

பெப்ரவரி 12 | வாய்க்கால்

ஒத்துக்கொள்கிறேன், 14ஐ வெட்டுங்கோ. 42 நாள். ஆறு கிழமையில் எதையும் தள்ளிவைக்க ஏலாது. ஊழியர் சேமலாப நிதியும் அதற்குள் வரும்: ஊழியரிடம் 8 வீதம், சங்கத்திடம் 12 வீதம், அடுத்த மாதம் முடிய முன் கட்ட வேணும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் தனி. இதைக் கட்டும் நாளில் கையில் காசு இல்லாமல் நின்று பார்த்தவருக்குத்தான் காசோட்டம் என்றால் என்னவென்று விளங்கும்.

பெப்ரவரி 12, இரவு | வாய்க்கால்

இரண்டு தரம் செய்யுங்கோ. முதலாவது இந்த வருசம் மே, ஜூன் அளவில், ஆலையில் கொள்வனவு ஓய்ந்த நேரம். இரண்டாவது வரும் பெப்ரவரி, மார்ச்சில், காலபோக நெல் வந்து குவியும்போது. இரண்டாவதில் பழையவர் கந்தோரில் இருக்கலாம், ஒப்பம் மட்டும் வைக்கக்கூடாது. அந்த நேரம் விலையை ஒரு நாளைக்கு இரண்டு தரம் முடிவெடுக்க வேண்டி வரும், அப்போது யாவாரி ஆரைப் பார்த்துக் கதைக்கிறான் என்று கவனியுங்கோ. பழையவரைப் பார்த்துக் கதைத்தால் கையளிப்பு இன்னும் நடக்கவில்லை.

பெப்ரவரி 15 | ஐந்தொகை

நெல்லைத் தொட்டுவிட்டீங்கள், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் கையளிப்பு என்றால் களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம். புதியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

20 வீத ஈரத்தில் வாங்கிய 1,000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 930 கிலோ. 18 வீதத்தில் வாங்கியிருந்தால் 953. ஆரும் களவெடுக்கவில்லை, போனது தண்ணி. புத்தகத்தில் 1,000 கிலோ, தரையில் 930. இதை எழுத்தில் பிரிக்காமல் ஒப்பம் வைத்த புதியவர், அடுத்த கணக்காய்வில் 70 கிலோவுக்குப் பதில் சொல்வார். 100 தொன் என்றால் ஏழு தொன். கொள்வனவுச் சீட்டில் ஈரவீதம் எழுதாத ஆலை என்றால் பழையவர் போக முதல் ஒரு போகமாவது எழுதப் பழக்குங்கோ. ஈரமானி சரியா என்று பார்ப்பதும் அதோடு சேர்ந்த வேலை.

மூட்டை அடுக்கை நாலு பக்கமும் சுற்றி எண்ணக்கூடியபடி அடுக்குங்கோ. சுவரோடு ஒட்டி அடுக்கினால் உள்ளே ஓட்டை விட்டு வெளியே வடிவாக நிற்கும்.

பெப்ரவரி 15 | வாய்க்கால்

இதை நான் விட்டது பிழை. ஈரத்தை மறந்து கையளிப்பு எழுதுவது, வான் பாயும்போது குளத்தின் கொள்ளளவை அளப்பது மாதிரி.

அப்படியென்றால் ஆலையை மட்டும் தனியாக, நெல் குறைந்து கிடக்கும் நவம்பர், டிசம்பரில் முன்னதாகவே எண்ணிக் கையளியுங்கோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேணும் என்று சட்டம் இல்லை. முதலில் ஆலை, பிறகு எரிபொருள், கடைசியில் வங்கிக் கணக்கு.

பெப்ரவரி 18 | மாங்குளத்தான்

திடீரென்று ஆள் விழுந்தால்? 16 மாதத் திட்டம் மாரடைப்புக்குத் தெரியாது.

பெப்ரவரி 18, இரவு | வாய்க்கால்

ஓம், இதை முதலாவதாக எழுதியிருக்க வேணும்.

காசோலையில் ஒப்பமிடுபவர் மூன்று பேர், எந்த இருவரும் போதும் என்று வங்கி ஆணையை மாற்றுங்கோ. இரண்டு பேர் மட்டும் என்றால் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கச் சம்பளம் நிற்கும். சபைத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி, அடையாள அட்டைப் பிரதிகள், மாதிரி ஒப்பங்கள் எல்லாம் வங்கி கேட்கும். சாவு வீட்டில் இருந்து இவற்றைத் தேடுவது வதை.

பிறகு ஓர் உறை. இரும்புப் பெட்டிச் சாவியின் மறுபிரதி எங்கே, கணனிக் கணக்கின் கடவுச்சொல், காப்புறுதிகள் முடியும் திகதிகள், எரிபொருள் விநியோக ஒப்பந்தம் இருக்கும் இடம், வாயால் மட்டும் பேசிய கடன்கள். கடைசியானதுதான் முக்கியம். "அவருக்கு 200 மூட்டைக்குக் காசு குடுக்கக் கிடக்கு" என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. உறையை ஒட்டித் தலைவரிடம் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பியுங்கோ.

அவசரச் செலவு எல்லையும் எழுத்தில் வேணும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறபட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளத்துக்குள் நின்ற மாதிரி ஓர் இரவில், மூன்று விலைமனு கேட்டு உழவு இயந்திரம் பிடிக்க ஏலாது. களஞ்சியத்தை மேட்டுக்கு மாற்ற, அங்கே நிற்பவர் ஆராக இருந்தாலும் இவ்வளவு ரூபா வரை செலவழிக்கலாம் என்று ஒரு வரித் தீர்மானம் போதும்.

பெப்ரவரி 21 | பரந்தன் சந்தி

இரண்டு பேரைத் தயார்படுத்தினால் அவர்களுக்குச் சொல்வதா, ஒளிப்பதா? ஒருவர்தான் வரப்போகிறார்.

பெப்ரவரி 21 | வாய்க்கால்

ஒளிக்க ஏலாது. காலமை சபையில் கதைத்தது பின்னேரம் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் 2000இல் தலைவர் பதவிக்கு மூன்று பேரைப் போட்டியில் ஓடவிட்டு இம்மெல்ற்றைத் தெரிந்தார்கள். தோற்ற மக்நேர்னி 3எம் நிறுவனத்துக்கும் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும் தலைவர்களாகப் போய்விட்டார்கள். அங்கே தோற்றவருக்கு இன்னொரு கதிரை காத்திருந்தது. எங்கட தோற்றவர் அதே கந்தோரில், அதே மின்விசிறிக்குக் கீழே, இன்னும் 20 வருசம் இருப்பார். இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுச் சபைத் தேர்தலில் வந்து நிற்பார்.

ஆகையால் முடிவை அறிவிக்க முதல் இரண்டாமவருக்கு உரிய வேலையை முடித்து வையுங்கோ. ஆலையைத் தனி இலாப நட்டக் கணக்கோடு அவருக்குக் கொடுக்கலாம். ஆறுதல் பரிசு என்று மணக்கக்கூடாது, செலவு எல்லையும் ஆள் எடுக்கும் சொல்லும் அவருக்கு இருக்க வேணும். நியமனமும் பதவி உயர்வும் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழு விதிகளுக்குள் வரும் என்பதால், தகைமை, சேவைக்காலம் இரண்டையும் இப்பவே சரிபார்த்து வையுங்கோ. கடைசி மாதத்தில் "இவருக்குச் சாதாரண தரத்தில் கணிதம் இல்லை" என்று ஒரு கடிதம் வந்து எல்லாம் கவிழும்.

பெப்ரவரி 22 | வாய்க்கால்

தயார்படுத்தப் போகிறவர்களின் பட்டியலுக்குள் ஆர் வரவில்லை என்றும் பாருங்கோ. பல சங்கங்களில் கணக்கைச் சுமப்பது பெண்கள், சில இடத்தில் 2010இலிருந்தே. பெயர் வந்தவுடன் "இரவில் பவுசர் வரும், அறுவடை நேரம் சாமம் வரை நெல் இறங்கும்" என்று தள்ளிவிடுவார்கள்.

அந்தக் கொப்பியை எடுத்து, இரவில் உண்மையாகவே பொது முகாமையாளர் நின்ற வேலை எத்தனை என்று எண்ணுங்கோ. பவுசர் அளவை எடுக்க எரிபொருள் நிலையப் பொறுப்பாளர் காணும், நெல் நிறுக்கக் களஞ்சியப் பொறுப்பாளர் காணும். அவர்களுக்கு ஒப்ப அதிகாரம் கொடுக்காததுதான் காரணம், இரவு இல்லை.

சிங்களமும் முக்கியம். கொழும்புக் கந்தோருக்குப் போன் எடுத்து ஓர் எரிபொருள் ஓடர் ஏன் நிற்கிறது என்று கேட்க வேணும். கடிதத்தை மொழிபெயர்க்க ஆளிருக்கும், போனுக்கு இருக்காது. 16 மாதத்தில் கதைக்கும் அளவுக்குப் படிக்கலாம்.

பெப்ரவரி 26 | ஐந்தொகை

ஒரு விசயம் ஆரும் சொல்லவில்லை. பல சங்கம் பழையவருக்கு நீடிப்புக் கொடுப்பது பாசத்தில் இல்லை, பணிக்கொடை கட்டக் காசில்லாமல். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருசம் முடித்தவருக்கு, 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு முழு வருசத்துக்கும் அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 1,10,000, சேவை 31 வருசம் என்றால் 17,05,000 ரூபா. 30 நாளுக்குள் கட்ட வேணும். ஒதுக்கீடு ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் கணக்குத் தாளில்) இருந்தால் காணாது, வங்கியில் நிலையான வைப்பாக இருக்க வேணும்.

பெப்ரவரி 26 | வாய்க்கால்

உங்கட பெயருக்கு ஏற்ற கருத்து. 16 மாதத்தால் பிரித்தால் மாதம் 1,06,500 சொச்சம். முழுதும் ஒதுக்காமல் விட்ட சங்கத்துக்கு அதுவே இன்னொரு சம்பளம்.

மார்ச் 2 | வாய்க்கால்

பழையவரை "ஆலோசகர்" ஆக்கும் யோசனை சபையில் எழும், எழுதி வையுங்கோ.

இந்தியாவின் ராட்டா (Tata) குழுமத்தில் ரத்தன் ராட்டா 2012 டிசம்பரில் தலைவர் பதவியை விட்டு விலகிச் சைரஸ் மிஸ்திரி வந்தார். ஆனால் குழுமத்தின் தாய் நிறுவனமான ராட்டா சன்ஸின் பெரும்பங்கை வைத்திருந்த அறக்கட்டளைகளின் தலைமை பழையவரிடமே இருந்தது. 2016 ஒக்ரோபரில் மிஸ்திரியை நீக்கினார்கள். பிறகு 2017இல் வந்த சந்திரசேகரன் நாமக்கல் பக்கத்து மோகனூர்க்காரர், 1987இல் குழுமத்தின் கணனி நிறுவனத்தில் சேர்ந்து படிப்படியாக வந்தவர். ஆர் சரி, ஆர் பிழை என்று இங்கே சண்டை வேண்டாம். ஒப்பம் ஒருவரிடமும் சொல் இன்னொருவரிடமும் இருந்தால் கீழே இருப்பவர்கள் இரண்டு பேரிடமும் அனுமதி கேட்பார்கள்.

ஆலோசகர் வேணும் என்றால் 90 நாள். கந்தோரில் அறை இல்லை, ஒப்பம் இல்லை, கிளைகளுக்குப் போன் இல்லை. புதியவர் எழுத்தில் கேட்டதற்குப் பதில். முதல் மாதத்தில் வங்கி, கமநல சேவை நிலையம், பெரிய நெல் யாவாரிகள், கொழும்பு என்று நேரில் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம். அந்தப் பயணங்களில் புதியவர் கதைக்க வேணும், பழையவர் தேத்தண்ணி குடிக்க வேணும்.

கதிரையையும் மாற்றுங்கோ. பகிடி இல்லை. அதே கதிரை அதே இடத்தில் இருந்தால் ஆறு மாதத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் "ஐயா எங்கே" என்றுதான் கேட்பார்கள்.

மார்ச் 3 | மாங்குளத்தான்

சபைத் தலைவருக்கு அடுத்தது ஆர்? கமக்காரர் அமைப்புகளிலும் இதே கதைதான், ஒரே தலைவர், ஒரே ரப்பர் முத்திரை.

மார்ச் 3 | வாய்க்கால்

அது தேர்தல் விசயம், தனி இழை திறவுங்கோ. ஆனால் ஒன்று. சிறுபோகக் கூட்டத்தில் எந்தத் துருசு (மதகு) எத்தனை நாள் திறப்பது என்று தலைவர் மட்டும் கதைத்தால் அடுத்தவர் உருவாகமாட்டார். இந்தப் போகம் ஒரு வாய்க்காலின் கணக்கைச் செயலாளர் வாசிக்கட்டும்.

மார்ச் 9 | பரந்தன் சந்தி

கொப்பி முடிந்தது. பாதிக்கு மேல் மூன்றாவது வகைதான், அதில் இரண்டு தரம் கழிவறைப் பல்பு. சபை 42 நாளுக்கு ஒத்துக்கொண்டது. கணக்குப் பகுதியில் ஒரு பிள்ளையும், நீங்கள் சந்தேகப்பட்ட அந்தக் கிளை முகாமையாளரும் பட்டியலில். வங்கி ஆணையும் மாற்றுகிறோம். ஆனால் ஐயா லீவு எடுக்கமாட்டேன் என்கிறார். "42 நாள் எங்கே போய் இருக்கிறது?" என்று கேட்கிறார்.

மார்ச் 9, இரவு | வாய்க்கால்

செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வெளிக்கிடும் காலம் வருகிறது. நடந்து போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கு மேல், கணக்குச் சரி. முல்லைத்தீவுப் பக்கத்தால்தான் போவார்கள். இந்தப் பக்கத்தால் நடக்கும் இரண்டு மூன்று நாளும் ஐயா ஆலைப் பக்கம் எட்டிப் பாராமல் ஆரையாவது கூட விடுங்கோ.